முடியாது என்று சொல்லாத போசன் எலோய்

எலிஹியோ மக்பனுவாவுக்குப் பெற்ற பிள்ளைகள் மூன்று. ஞானப்பிள்ளைகள் நாற்பத்தொன்று.

எங்கள் பிலிப்பினோ வழக்கத்தில் யாராவது வந்து தன் குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக இருக்கும்படி கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் குழந்தைக்குக் கெடுதல் என்பார்கள். மறுக்கப்பட்ட குழந்தைகளும் கொழுகொழுவென்று வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நாங்கள் எலோய் என்று கூப்பிடும் எலிஹியோவுக்கு அந்தப் பயம்கூடக் காரணமில்லை. அவருக்கு யாரையும், எதையும் மறுக்க வாயே வராது. சொந்த ஊரான கிம்பாலில் மீன் விற்பவன் கேட்டான், சரி என்றார். பல் வைத்தியர் கேட்டார், சரி என்றார். அரிசி மில்காரர் இரட்டைக் குழந்தைகளுக்குக் கேட்டார், இரண்டு முறை சரி என்றார். கல்லறை மனை விற்க வந்த பெண்ணிடம் தனக்கு மட்டும் இரண்டு மனை வாங்கினார். "ஒரு ஆளுக்கு ஒரு குழி போதாதா?" என்று மனைவி சால்வாசியோன் கேட்டதற்கு, "பாவம், அந்தப் பொண்ணு வெயில்ல நடந்து வந்துச்சு" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று நாற்பத்தொரு பேரும் வரிசையில் வந்து அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு பரிசுக்கு நிற்பார்கள். அதனால் டிசம்பரில் கப்பலில் இருப்பதே அவருக்கு நிம்மதி. "மனுசன் கடலுக்கு வர்றதே ஞானப்பிள்ளைங்களுக்குப் பயந்துதான்" என்று எங்கள் சமையல்காரர் சொல்வார். பிலிப்பினோக்கள் உள்ள கப்பலில் தலைமைச் சமையல்காரரை மேயர் என்றுதான் கூப்பிடுவோம். கரண்டி வைத்திருப்பவர்தானே ஆட்சி செய்கிறவர்.

எலோய் போசன். மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. இருபத்தேழு வருடக் கடல் அனுபவம். அவர் இலோய்லோ மாகாணத்துக்காரர். இலோய்லோக்காரர்கள் சண்டை போட்டால் பக்கத்து வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பேச்சு அவ்வளவு மென்மை. நங்கூரச் சங்கிலி எகிறும்போதுகூட, "தம்பி, முடிஞ்சா, சிரமமில்லேன்னா, கொஞ்சம் ஓடிடு" என்பார். ஓடுகிறவன் வாக்கியம் முடிவதற்குள் ஓடியிருக்க வேண்டும்.

அதிகாரிகளிடம் அவருக்கு ஒரே பதில்தான்: "எஸ் சார்." அதில் எத்தனை வகை என்பது எங்களுக்குத் தெரியும். சட்டென்று வந்தால் வேலை நடக்கும். கொஞ்சம் இழுத்து வந்தால் நாளை நடக்கும். புன்னகையோடு, தலையைச் சொறிந்துகொண்டே வந்தால் அந்த வேலை இந்தப் பிறவியில் நடக்காது. எங்களில் யாருக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் அதிகாரி பிளாமெனுக்குத்தான் தெரியாது. அவர் பல்கேரியர். அவர்கள் ஊரில் ஆமாம் என்பதற்குத் தலையை இடமும் வலமும் ஆட்டுகிறார்கள். நாங்கள் ஆமாம் என்பதற்குப் புருவத்தை மட்டும் தூக்குகிறோம். இப்படிப்பட்ட இரண்டு கூட்டத்தை ஒரே கப்பலில் ஏற்றிவிட்டு, அது பத்திரமாகக் கரை சேரும் என்று நம்புகிறவர்கள் கம்பெனி முதலாளிகள். பக்தி என்றால் அதுதான் பக்தி.

ஒரு வருடம் மார்ச்சில் ஜிப்சம் ஏற்ற மொரோக்கோவின் சாஃபி துறைமுகத்துக்குப் போனோம். அதற்கு முன் ஏற்றியிருந்தது நிலக்கரி. ஜிப்சம் வெள்ளை, கரி கறுப்பு. ஐந்து சரக்கறைகளையும் கழுவி வெளுக்க வைக்க வேண்டும். ஞாயிறு விடிகாலையில் கழுவ ஆரம்பித்த மேல்தளத்து ஆட்கள் திங்கள் விடியும்போதும் கழுவிக்கொண்டிருந்தார்கள். கப்பல் துறைமுகத்துக்கு உள்ளே போனபோது குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஈரச் சட்டையோடு முன்தளத்துக்கு ஓடி, கப்பலைக் கரையோடு பிணைக்கும் கட்டுவடத்தைப் பிடித்தார்கள். சாஃபியில் வெளிக்கடலின் நீண்ட அலை துறைமுகத்துக்குள்ளும் புகுந்து கப்பலைத் தொட்டில் போல ஆட்டும். வடம் ஒருமுறை விறைத்தது, தளர்ந்தது, மறுபடி விறைத்தது. பிறகு துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். அறுந்த வடத்தின் முனை சிசோவின் வலது முழங்கையில் அடித்தது.

சிசோ, முழுப்பெயர் நார்சிசோ, பதாங்காஸ்காரன். கத்திப் பேசும் ஊர். காதோடு ரகசியம் சொன்னால் பக்கத்துக் கப்பலுக்குக் கேட்கும். அன்று அவன் கத்தவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. எலோயின் நாற்பத்தோராவது ஞானப்பிள்ளை அவனுடைய கடைசி மகள்.

அவனை மருத்துவமனையில் சேர்த்த அன்று மாலையே பிளாமென் ஒரு அறிக்கையைத் தட்டச்சு செய்துவிட்டார். வடம் நல்ல நிலையில் இருந்தது, ஆட்கள் போதிய ஓய்வு எடுத்திருந்தார்கள், எச்சரித்தும் கேட்காமல் நார்சிசோ ஆபத்தான இடத்தில் நின்றார். கீழே சாட்சி என்று ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் எலோய் கையெழுத்து விழுந்தால் குற்றம் சிசோவுடையதாகிவிடும். இழப்பீட்டை இழுத்தடித்து, குறைத்து, கடைசியில் கையை விரிக்கக் கம்பெனிக்கு அந்த ஒரு தாள் போதும். மடங்காத முழங்கையோடு அவன் எந்தக் கப்பலில் ஏறுவான்?

பிளாமெனை அரக்கன் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் அன்று தூங்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால் அவர் பெயரும் பட்டியலிலிருந்து போய்விடும். மேலே இருப்பவனுக்குப் பயந்து கீழே இருப்பவனை மிதிக்கிறவர்தான் அவர். உலகம் முக்காலும் இப்படித்தான் ஓடுகிறது.

"போசன், இதுல கையெழுத்துப் போடறீங்கதானே?"

"எஸ் சார்" என்றார் எலோய், புன்னகையோடு, தலையைச் சொறிந்துகொண்டே.

சாப்பாட்டறையில் நாங்கள் எட்டுப் பேர் சோற்றைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினோம்.

செவ்வாய்க்கிழமை எலோய் கண்ணாடியை அறையில் விட்டுவிட்டு வந்திருந்தார். போய் எடுத்துவரச் சொன்னபோது, "எஸ் சார்" என்று போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். புதன்கிழமை கண்ணாடி இருந்தது, பேனாவில்தான் மை இல்லை. பிளாமென் தன் பேனாவை நீட்டினார். எலோய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இவ்வளவு அழகான பேனாவைப் பார்த்ததில்லை என்று புகழ்ந்து, அது எந்த ஊர், மகள் வாங்கித் தந்ததா, மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்து முடிப்பதற்குள் சரக்கு ஏற்றும் இயந்திரம் நின்றுபோய், இருவரும் ஓட வேண்டியதாயிற்று.

"நாலு தடவை சரின்னுட்டார். நல்ல மனுசன். கொஞ்சம் மறதி" என்று பிளாமென் கேப்டனிடம் சொன்னதை நான் கேட்டேன். நான் அந்தக் கப்பலின் எலக்ட்ரீஷியன். விளக்கு மாட்டுகிறவன் அறையில் இருப்பது யார் கண்ணிலும் படாது.

அதே புதன்கிழமை இன்னொன்றும் நின்றது. சாப்பாடு முடிந்ததும் தினம் நடக்கும் கரோக்கே பாட்டு. மேயர் மிஷின் மேல் துணி போட்டு மூடிவிட்டார். யாரும் கூடிப் பேசவில்லை, தீர்மானம் போடவில்லை. எங்களுக்கு மனத்தாங்கல் வந்தால் கத்த மாட்டோம், பாடுவதை நிறுத்திவிடுவோம். கப்பலேறிய மூன்று மாதமாகச் சுவரைத் தட்டி, "நிறுத்துங்கடா" என்று கத்திய பிளாமென், அன்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மிஷின் ரிப்பேரா?"

"இல்ல சார்" என்றார் மேயர். "தொண்டை கட்டியிருக்கு."

"எல்லாருக்குமா?"

"ஆமா சார். ஒரே குழம்புதானே."

எனக்கு இதெல்லாம் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அன்று எலோயைத் தனியாகப் பிடித்தேன். கூயா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"கூயா, நீங்க வயசுல மூத்தவர். இருந்தாலும் கேக்கறேன். முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? பல்லு கொட்டிடுமா?"

"மூஞ்சிக்கு நேரா எப்படிப்பா சொல்றது? அவருக்கு அவமானமா இருக்காது?"

"அவருக்கா? சிசோ கையே போச்சு. நீங்க அவர் மூஞ்சியப் பத்திக் கவலப்படறீங்க?"

"எனக்குத் தெரியாதா லெக்ட்ரிக்?" அவர் குரல் அப்போதும் தாலாட்டுப் போலத்தான் இருந்தது. "புது வடம் கேட்டு மூணு தடவை எழுதிக் குடுத்தேன்."

அந்தத் தாள்களின் நகலைக் காட்டினார். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். 'முன்தள வடங்கள் சற்றுக் களைப்பாக உள்ளன. தங்களுக்கு வசதிப்பட்டால், தொந்தரவு இல்லையென்றால், புதியன பற்றி எப்போதாவது யோசிக்கலாம்.' மூன்று தாளிலும் அதே வாசகம். மூன்றாவதில் மட்டும் 'சற்று' என்பதற்குப் பதிலாக 'மிகவும்'. அவர் கணக்கில் அது கூச்சல்.

"கூயா, வடம் என்ன உங்க மாமியாரா, களைப்பா இருக்குன்னு எழுத? அறுந்து ஆளக் கொல்லும்னு எழுதணும்!"

"அப்படி எழுதினா கோவமா இருக்கற மாதிரி இருக்குமேப்பா."

அவர் கோபமாகத்தான் இருந்தார். மூன்று நாளாகத் தூங்கவில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. மாதாமாதம் ஓய்வு நேரப் பட்டியல் என்று ஒன்று வரும். யார் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்ற கணக்கு. அது அலுவலகத்திலேயே நிரப்பப்பட்டு வரும். அந்தப் பட்டியலின்படி நாங்கள் எல்லாரும் ராஜாக்கள் போலத் தூங்கியிருந்தோம். எல்லாவற்றிலும் எலோய் கையெழுத்து. இப்போது உண்மையைச் சொன்னால் எட்டு மாதம் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர் ஆவார். சொல்லாவிட்டால் ஞானமகளின் தகப்பனை விற்றவர் ஆவார்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து மார்லூஸ் என்ற பெண்மணி வந்தார். விபத்துக்காக அல்ல. பல நாட்டார் பணிபுரியும் கப்பலில் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது எப்படி என்று வகுப்பு எடுக்க. நாள் முன்பே குறித்ததாம். நல்ல பெண்மணி. திரையில் ஒரு படம் போட்டார். 'பிலிப்பினோக்கள்: மகிழ்ச்சியானவர்கள். பணிவானவர்கள். மூத்தவர்களை மதிப்பார்கள். பாடுவார்கள். நேருக்கு நேர் மறுக்க மாட்டார்கள்.'

சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்வது போல இருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"மேடம், பல்கேரியர்களுக்கு இந்த மாதிரிப் படம் இல்லையா?"

"அது அடுத்த வகுப்புக்கு" என்றார்.

"இன்னொண்ணு மேடம். அதிகாரிங்களுக்கு நாலு மாச ஒப்பந்தம், எங்களுக்கு ஒன்பது மாசம். ஒருத்தன் 'நோ' சொன்னா அடுத்த ஒப்பந்தமே வராது. மணிலாவுல அந்த வேலைக்கு நூறு பேர் ரோட்டுல நிக்கறான். பயத்துக்குப் பேரு பண்பாடா?"

அவர் அதைக் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டதோடு சரி. பிறகு எலோயைப் பார்த்தார்.

"போசன், ஒரு பயிற்சி. என்கிட்ட 'நோ' சொல்லுங்க பாப்போம்."

"எஸ் மேடம்."

அறையே குலுங்கியது. பிளாமென்கூடச் சிரித்தார்.

"இல்ல இல்ல, நான் ஒண்ணு கேப்பேன், நீங்க மறுக்கணும். எனக்கு ஒரு காபி கொண்டு வர்றீங்களா?"

எலோய் அதற்குள் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். "சர்க்கரை எத்தன மேடம்?"

கடைசியில் மார்லூஸ் அதிகாரிகளுக்கு ஒரு வழி சொன்னார். பிலிப்பினோவிடம் சரியா, இல்லையா என்று கேட்காதீர்கள், சரி என்றுதான் வரும். எப்படி, ஏன், என்ன என்று கேளுங்கள். பிளாமென் இதைக் குறிப்பேட்டில் எழுதி இரண்டு கோடு போட்டார். படிப்பில் அக்கறையான மனிதர். மறுநாளிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். "மேயர், இன்னைக்கு என்ன சாப்பாடு? ஏன் மீன்? அது எப்படிச் செத்துச்சு?" மேயர் மூன்று நாள் தலைவலி என்று படுத்துவிடலாமா என்று யோசித்தார்.

வெள்ளிக்கிழமை எலோய்க்கு வயிற்றுக் கோளாறு. சாஃபி மத்தி மீன் பேர்போனது. கூடை கூடையாக வாங்கி, உப்புப் போட்டு முன்தளத்தில் காயவைத்திருந்தோம். மீன் மேல் பழி போட்டார். உண்மையில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை தப்பிக்க வழியில்லை. காப்பீட்டுக்காரர்களின் சார்பில் காசாபிளாங்காவிலிருந்து லாஹ்லூ என்ற வழக்கறிஞர் வந்து கேப்டன் அறையில் உட்கார்ந்தார். அவர் கண் முன்னால் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். எலோயைக் கூப்பிட்டார்கள். அன்று காலை கேப்டன் அறைக் குளிர்சாதனம் பழுதாகியிருந்ததால் நானும் அங்கே ஏணி மேல் நின்றேன். அது ஏன் சரியாக அன்று பழுதானது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

எலோய் தேவாலயத்துக்குப் போகும் சட்டை போட்டிருந்தார். கண்ணாடி இருந்தது. பேனாவும் இருந்தது. கையில் ஒரு உறை. முகத்தில் புன்னகை இல்லை. சரி, போட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

பிளாமென் எதிரில் அறிக்கை கிடந்தது. 'கையெழுத்துப் போடறீங்களா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். 'எஸ் சார்' வந்திருக்கும், இந்த முறை கையும் கூடவே போயிருக்கும். ஆனால் அவர் இப்போது பயிற்சி பெற்ற மனிதர். வழக்கறிஞரைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"இவங்ககிட்ட எப்படிக் கேக்கணும்னு ஒரு முறை இருக்கு. பாருங்க." பிறகு அன்பாக, "போசன், வடம் எப்படி அறுந்துச்சு?"

இருபத்தேழு வருடத்தில் எந்த அதிகாரியும் எலோயிடம் எப்படி என்று கேட்டதில்லை. 'எஸ் சார்' போடுவதற்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதோ மரியாதைக் குறைவு. அவர் மரியாதைக் குறைவாக நடக்கிறவர் அல்ல.

"சொல்றேன் சார்" என்றார். சொன்னார்.

ஞாயிறு விடிகாலையில் யார் யார் எந்தச் சரக்கறையில் இறங்கினார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை மணிக்குக் கஞ்சி வந்தது, யார் நின்றபடியே தூங்கினான், யார் குழாயைப் பிடித்துக்கொண்டே ஜெபமாலை சொன்னான், எல்லாவற்றையும் சொன்னார். உறையைப் பிரித்து, வடம் கேட்டு எழுதிய மூன்று தாள்களையும் இரண்டு கையாலும் வழக்கறிஞரிடம் கொடுத்தார். லாஹ்லூ படித்தார்.

"களைப்பான வடமா?"

"அதுல வசதிப்பட்டாத்தானே வேணும்னு இருந்துச்சு" என்றார் பிளாமென் அவசரமாக. "வசதிப்படல."

லாஹ்லூ அதையும் எழுதிக்கொண்டார். இப்போது பிளாமெனுக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. பழைய கேள்விக்கு ஓடினார்.

"போசன்! சிசோ நிக்கக் கூடாத இடத்துல நின்னான். ஆமாவா இல்லையா?"

"எஸ் சார்" என்றார் எலோய்.

சட்டென்று வந்த 'எஸ் சார்'. என் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கீழே விழுந்தது. எலோய் குனிந்து அதை எடுத்து, ஏணி மேல் இருந்த என்னிடம் நீட்டிவிட்டு, அதே மெதுவான குரலில் முடித்தார்:

"நீங்க நிக்கச் சொன்ன இடம் சார் அது. இடம் ஆபத்துன்னு அவன் சொன்னான். பேசாம நில்லுன்னீங்க. நில்லுப்பான்னு நானும் சொன்னேன் சார். அது என் தப்பு."

லாஹ்லூ ஓய்வு நேரப் பட்டியலைப் புரட்டினார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"எஸ் சார்."

"ஏன் போட்டீங்க?"

"போடச் சொன்னாங்க சார். தூங்கினியான்னு யாரும் கேக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையும் எழுதிக்கோங்க சார். என்மேலதான் வரும், தெரியும்."

அவர் சொன்னது நான்கு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார், பிளாமெனின் அழகான பேனாவால். பிறகு பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "மகள் பரீட்சை நல்லா எழுதணும் சார்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். "காபி கொண்டாரட்டுமா?" என்றும் கேட்டார். யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை.

பிளாமென் தட்டச்சு செய்த தாள் மேசையிலேயே கிடந்தது. அதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. போடும்படி கடைசிவரை யாரும் மறுபடி கேட்கவும் இல்லை.

சிசோவுக்குச் சேர வேண்டியது, எட்டு மாதம் ஆனாலும், சேர்ந்தது. எலோயைக் கம்பெனி அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிடவில்லை. காரணம் கேட்டதற்கு, காரணம் எதுவும் இல்லை, காலி இடம் இல்லை என்று மரியாதையாக மின்னஞ்சல் எழுதினார்கள். மறுப்பதை அவர்களும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் அதை யாரும் திரையில் படம் போட்டு வகுப்பு எடுப்பதில்லை. அவர் பத்து மாதம் வீட்டில் இருந்துவிட்டு வேறு கப்பல் பிடித்தார். அந்தப் பத்து மாதத்துக்குள் ஒரு கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்பதுதான் அவருக்கு வருத்தம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பாட்டறைக்கு வந்ததும் மேயர் ஒன்றும் கேட்காமல் கரோக்கே மேல் இருந்த துணியை எடுத்தார். எலோய் ஐந்து நாளைக்குச் சேர்த்து மத்தி மீனும் சோறும் தின்றார். பாதியில் அவர் தொலைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து சிசோ. அவன் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அறை முழுக்கக் கேட்டது.

"கூயா! கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போட்டேன்பா."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. பதாங்காஸ்காரன் மறுபடி அமைதியானான்.

"அவரோட தாள்ல இல்லடா மடையா" என்று நான் கத்தினேன். "தன்னோட தாள்ல. நாலு பக்கம்!"

சிசோ ஒரு கூச்சல் போட்டான். பிறகு, "கூயா... பிளாமென் சார் மூஞ்சிக்கு நேராவா 'நோ'ன்னு சொன்னீங்க?"

எலோய் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"சேச்சே" என்றார். "என்னப் பத்தி என்னடா நெனச்சே?"